பத்து நிமிடம் பிந்தினால் அரை நாள் வெட்டு, மனேஜர் வருவதோ பதினொரு மணிக்கு

கேள்வி, 12.10.2024

அக்கா, நான் மண்டூர். கல்முனையில் ஒரு ஃபைனான்ஸ் கம்பனியில் ரிக்கவரி வேலை, கடன் தவணை அறவிடுவது. காலை 8.30க்கு வரவு மெஷினில் ஃபிங்கர் வைக்க வேண்டும். வாவியைக் கடக்கிற குருமண்வெளிப் பாதை (படகுச் சேவை) பிந்தினால் நானும் பிந்துவேன். பத்து நிமிடம் பிந்தினாலும் அரை நாள் நோ பே. மனேஜர் பதினொரு மணிக்கு வருவார், ஃபிங்கர் வைப்பதே இல்லை. போன கிழமை மீட்டிங்கில் இதைக் கேட்டேன். இப்போது 'மேலதிகாரியை அவமதித்தல்' என்று வார்னிங் லெட்டர் தந்து கையொப்பம் கேட்கிறார்கள். வைக்கவா, விடவா?

12.10.2024, இரவு

தம்பி, முதலில் கடிதத்தை வாங்குங்கள். வாங்க மறுத்தால் இரண்டு பேரைச் சாட்சி வைத்து "கடிதத்தை ஏற்க மறுத்தார்" என்று இன்னொரு குற்றம் எழுதுவார்கள். அவர்கள் வைத்திருக்கும் பிரதியில் "கிடைத்தது, உள்ளடக்கத்தை ஏற்கவில்லை, பதிலை எழுத்தில் தருவேன்" என்று உங்கள் கையாலேயே எழுதி, திகதி போட்டு, அதற்குக் கீழே கையொப்பம் வையுங்கள். அதை எழுத விடாவிட்டால் கையொப்பம் வைக்காமல் வந்து, என்ன நடந்தது என்பதை அன்றைக்கே எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பற்றுச்சீட்டும் பிரதியும் வீட்டில் இருக்கட்டும். அலுவலக மேசை லாச்சியில் வைக்க வேண்டாம், லாச்சித் திறப்பு இன்னொன்று எப்போதும் அவர்களிடம் இருக்கும்.

பதில் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. எந்தத் திகதி, எந்த மீட்டிங், நீங்கள் சொன்ன வசனம் என்ன, அதற்குள் எது அவமதிப்பு என்று அவர்களையே கேளுங்கள். வார்னிங் லெட்டருக்குப் பதில் எழுதாமல் விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தக் கடிதம் பைலுக்குள் பேசாமல் கிடக்கும். பிறகு ஒருநாள் வேலையால் நிற்பாட்டும்போது "ஏற்கெனவே எச்சரிக்கப்பட்டவர், மறுப்பும் தெரிவிக்கவில்லை" என்று அதைத்தான் தூக்கி வைப்பார்கள்.

13.10.2024

காலையில் எழும்பி நேற்று எழுதியதை வாசித்தேன். ஒன்று விடுபட்டுப் போயிருக்கிறது, தம்பிக்கு அது பிடிக்காது என்றாலும் சொல்லத்தான் வேண்டும்.

"மனேஜரும் பிந்தித்தானே வருகிறார்" என்பது நெஞ்சைச் சுடுகிற உண்மை. ஆனால் விசாரணையில் அது உங்களைக் காப்பாற்றாது. "அவர் எத்தனை மணிக்கு வருகிறார் என்பது இங்கே கேள்வியில்லை, நீங்கள் பிந்தினீர்களா இல்லையா?" என்று ஒரே கேள்வியில் மடக்கிவிடுவார்கள். அவருடைய வேலை நேரம் வேறு, அவர் வெளிவேலையில் இருந்தார் என்று ஆயிரம் காரணமும் வரும். அந்த வாதத்தை நீங்கள் எடுத்த நிமிடத்திலிருந்து கதை அவரைப் பற்றியதாகிவிடும், அவமதிப்புக் குற்றச்சாட்டுக்கும் நீங்களே சாட்சியாகிவிடுவீர்கள்.

உங்களைப் போன்ற, உங்கள் தரத்தில் இருக்கிற இன்னொருவர் அதே பத்து நிமிடம் பிந்தி, அவருக்கு ஒன்றும் வெட்டாமல் விட்டிருந்தால் அது வேறு விசயம். ஒரே தவறு, ஒரே தரம், இரண்டு தண்டனை. இதற்கு அவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஆகவே மேலே பார்க்காதீர்கள், பக்கத்து மேசையைப் பாருங்கள். பக்கத்து மேசைக்காரரைக் காட்டிக்கொடுக்கச் சொல்லவில்லை. பெயர் போடாமலே "இதே அளவு தாமதத்துக்கு இந்தக் கிளையில் எல்லோருக்கும் இதே கழிவு செய்யப்படுகிறதா, வரவுப் பதிவைக் காட்டுங்கள்" என்று கேட்டால் போதும்.

13.10.2024, பின்னேரம்

அரை நாள் வெட்டு பற்றித் தனியாக. வேலை செய்யாத பத்து நிமிடத்துக்குச் சம்பளம் தராமல் விடுவது ஒன்று. பத்து நிமிடத்துக்கு அரை நாள் எடுப்பது தண்டப்பணம். சம்பளத்தில் எதை வெட்டலாம் என்பதை இலங்கைச் சட்டம் சொல்லியிருக்கிறது, கிளை மனேஜர் தன் இஷ்டத்துக்குச் சுவரில் நோட்டீஸ் ஒட்டி அதை மாற்ற முடியாது. சம்பளத் துண்டில் அந்த வெட்டு எந்தப் பெயரில் வருகிறது என்று பார்த்து, ஒவ்வொரு மாதத் துண்டையும் போட்டோ எடுத்து வையுங்கள். கல்முனையிலேயே தொழில் அலுவலகம் இருக்கிறது, வேலையில் இருந்துகொண்டே முறைப்பாடு கொடுக்கலாம்.

16.10.2024

இதை எங்கிருந்து கதைக்கிறேன் என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி.

மட்டக்களப்பு நகரில் ஒரு கம்பனியின் கிளையில் கணக்குப் பகுதியில் இருந்தேன். உள்ளக விசாரணை நடந்தால் குறிப்பெடுக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். மேசையின் மூலையில் உட்கார்ந்து, கேட்பவர் கேட்பதையும் சொல்பவர் சொல்வதையும் எழுதுவேன். அந்த மூலையில் இருந்து பார்த்தால் மனிதர்கள் நன்றாக விளங்கும்.

காத்தான்குடி நானா (முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒருவர் ஸ்டோர் பொறுப்பில் இருந்தார். பழைய ஆள், மூட்டையைத் தூக்கிப் பார்த்தே எடை குறைவு என்று சொல்லிவிடுவார். அவர் வெறும் மட்டைப் பெட்டி சிலதை வீட்டுக்குக் கொண்டுபோனார் என்று குற்றப்பத்திரிகை வந்தது. அதில் 'களவு' என்றே எழுதியிருந்தார்கள். குற்றம் சாட்டியது கிளை மனேஜர். அதே காலத்தில் அந்த மனேஜருடைய வீட்டுக்குக் கம்பனி வாகனத்தில் கம்பனிப் பெயின்ட் போனது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதற்கு கேட் பாஸ் கிடையாது. விசாரணைக்கு வந்த ஹெட் ஒபிஸ் ஆள், முதல்நாள் இரவு அந்த வீட்டிலேதான் சாப்பிட்டார்.

நானா விசாரணையில் பெயின்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. எனக்கு நெஞ்சு வெடித்தது. அவர் கேட்டது கேட் பாஸ் புத்தகத்தை மட்டும்தான். அதில் போன வருடங்களில் மற்ற ஊழியர்கள் வெறும் பெட்டி கொண்டுபோன பதிவு இருந்தது, பெறுமதி இல்லை என்று எழுதி மனேஜரே கையொப்பம் வைத்திருந்தார். மறுகா வெளியே வந்து, ஏன் நானா பெயின்ட் கதையை விட்டீங்க என்று கேட்டேன். "அத நான் கதச்சா அது அவர்ட கதையாப் போயிரும் தங்கச்சி, என்ட கதை நிண்டு போயிரும்" என்றார். மேலே 13ஆம் திகதி நான் எழுதியது முழுக்க அவரிடம் படித்தது.

குறிப்பைச் சுருக்கி எழுதச் சொன்னார்கள், நானாவின் பதில்களை மட்டும். கேள்விகளை முழுதாக எழுதச் சொல்லிவிட்டுப் பதில்களைச் சுருக்கச் சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். நான் முழுதாக எழுதினேன். ஒவ்வொரு பக்கத்திலும் நானா வாசித்துக் கையொப்பம் வைத்தார், பிரதியும் கேட்டு வாங்கினார். விசாரணைக்குப் போகிற யாரும் இதை மறக்க வேண்டாம்: வாசிக்காமல் கையொப்பம் இல்லை, பக்கத்துக்குப் பக்கம் கையொப்பம், கடைசி வரிக்குக் கீழே வெற்றிடம் இருந்தால் கோடு.

17.10.2024

நானாவுக்கு என்ன நடந்தது என்று கேட்டவர்களுக்கு. வேலையால் நிற்பாட்டினார்கள். அவர் மட்டக்களப்பில் தொழில் நியாயசபைக்குப் போனார். 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் 31ஆ பிரிவின் கீழ், வேலை நீக்கப்பட்ட நாளிலிருந்து 6 மாதத்துக்குள் விண்ணப்பம் போட வேண்டும். இந்த 6 மாதத்தைக் கடத்துவதற்காகவே "பார்ப்போம், ஹெட் ஒபிஸில் கதைக்கிறோம், திரும்ப எடுப்போம்" என்று இழுத்தடிப்பதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். கதைப்பவர்கள் கதைக்கட்டும், நீங்கள் விண்ணப்பத்தைப் போடுங்கள்.

அங்கே நடந்ததில் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது இதுதான். வேலையால் நிற்பாட்டியதைக் கம்பனி ஒத்துக்கொண்டால், அது நியாயம் என்று காட்ட வேண்டிய பொறுப்பும் கம்பனியுடையது. ஊழியர் தன்னைச் சுத்தவாளி என்று நிரூபிக்கத் தேவையில்லை. சாட்சியச் சட்டத்தின் இறுக்கமான விதிகளும் நியாயசபையைக் கட்டுப்படுத்தாது, அது பார்ப்பது எது நீதியும் ஒப்புரவுமானது என்று. கேட் பாஸ் புத்தகம் வந்தது. மனேஜரிடம் அவருடைய கையொப்பத்தையே காட்டிக் கேட்டபோது அவரால் ஒழுங்கான பதில் சொல்ல முடியவில்லை. இழுபட்டு இழுபட்டு, கடைசியில் நானாவுக்கு நட்டஈடு கிடைத்தது, பணிக்கொடையும் கிடைத்தது. அவர் திரும்ப அங்கே போகவில்லை. அந்தப் படியை மிதிக்க மனமில்லை என்றார்.

20.10.2024

"நாங்கள் எல்லோரும் ஒரு குடும்பம்" என்று மீட்டிங்கில் சொல்கிற முதலாளிமார் பற்றி ஒருவர் எழுதியிருந்தார். வாசித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. கோயில் திருவிழாவில் கம்பனி பெயரில் உபயம், வாசலில் பெரிய பேனர், முன்வரிசையில் வேட்டி. அதே கம்பனி ஊழியர் சேமலாப நிதியை (EPF) மாதக்கணக்கில் கட்டாமல் வைத்திருக்கும். சம்பளத் துண்டில் உங்கள் 8 வீதம் வெட்டப்பட்டிருக்கும், அவர்கள் போட வேண்டிய 12 வீதமும் உங்கள் 8 வீதமும் போய்ச் சேர்ந்திருக்காது. ஊழியர் நம்பிக்கை நிதிக்கான (ETF) 3 வீதம் அவர்களே தனியாகப் போட வேண்டியது, அதை உங்கள் சம்பளத்தில் வெட்டவே கூடாது. பத்து நிமிடத்துக்கு அரை நாள் வெட்டுகிறவர்கள், அடுத்த மாத முடிவுக்குள் கட்ட வேண்டிய பணத்தை வருடக்கணக்கில் பிந்திக் கட்டினால் அதற்கு யார் வார்னிங் லெட்டர் கொடுப்பது? சட்டத்தில் அதற்கு மேலதிகக் கட்டணம் இருக்கிறது, யாராவது போய் முறைப்பாடு கொடுத்தால்தான் அசையும்.

தம்பி, உங்கள் நிதி ஒழுங்காகப் போகிறதா என்று ஒருக்கால் பார்த்து வையுங்கள். பிந்திய பத்து நிமிடத்தைப் பற்றிக் கதைக்கப் போன இடத்தில் இதுவும் வெளியே வந்தது பலருக்கு நடந்திருக்கிறது.

20.10.2024, இரவு

இப்போதுதான் இது உறைத்தது. தம்பி, நீங்கள் பின்னேரம் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகிறீர்கள்? ரிக்கவரி வேலை என்றால் ஆட்கள் வீட்டில் இருக்கிற நேரம் பார்த்து, மாலையில்தானே போக வேண்டும்?

22.10.2024

தம்பி பதில் எழுதியிருக்கிறார்: பெரும்பாலும் இரவு எட்டு மணி, மாத முடிவில் அதற்கும் மேலே, மேலதிகக் கொடுப்பனவு எதுவும் இல்லை.

இதுதான் தம்பி உங்கள் வழக்கு. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி ஒரு நாள் வேலை 8 மணித்தியாலம், கிழமைக்கு 45. அதற்கு மேலே செய்தால் ஒன்றரை மடங்கு. காலையில் நிமிடம் எண்ணுகிற அதே மெஷின்தான் மாலையிலும் சுவரில் தொங்குகிறது. காலைப் பதிவைப் பார்த்துக் காசு வெட்டுகிறவர்கள் மாலைப் பதிவைப் பார்த்துக் காசு தர மாட்டோம் என்றால், அந்தப் பாசாங்குக்கு ஆதாரம் அவர்களுடைய மெஷினுக்குள்ளேயே இருக்கிறது. மனேஜர் எத்தனை மணிக்கு வந்தார் என்று நீங்கள் சண்டை பிடிக்கவே தேவையில்லை.

இரண்டு விசயம் கவனியுங்கள். நியமனக் கடிதத்தில் உங்கள் பதவியை நிறைவேற்றுத் தரம் (எக்ஸெகியூட்டிவ்) என்று போட்டிருக்கிறார்களா? போட்டிருந்தால் மேலதிக நேரத்துக்கு வேறு கதை சொல்வார்கள், அதைத் தொழில் உத்தியோகத்தரிடம் காட்டிக் கேளுங்கள். அடுத்தது, நேரே வெளியிலிருந்து வீட்டுக்குப் போனால் மாலை ஃபிங்கர் இருக்காது. ஆனால் கடைசிப் பற்றுச்சீட்டில் நேரம் இருக்கும், மனேஜர் இரவில் "இன்றைய கலெக்‌ஷன் எவ்வளவு?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டதிலும் நேரம் இருக்கும். அதை அழிக்காதீர்கள். குரூப்பிலிருந்து உங்களை எடுத்துவிடுவதற்கு முன்னர் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள்.

3.11.2024

இரண்டு கிழமையாக இதை மனதுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். சட்டம், பிரிவு, கடிதம் என்று எழுதிக்கொண்டே போகிறேன், இதற்குக் கொடுக்கிற விலையைச் சொல்லவில்லை.

மட்டக்களப்பும் கல்முனையும் சின்ன ஊர்கள். மனேஜர்மார் ஒருவரையொருவர் தெரிந்தவர்கள், ஒரு கம்பனியில் கேள்வி கேட்டவனை அடுத்த கம்பனி நேர்முகப் பரீட்சைக்கே கூப்பிடாது. "அவன் கேஸ்காரன்" என்று ஒரு பேச்சுப் போதும். கூட வேலை செய்பவர்கள் கன்டீனில் உங்கள் மேசைக்கு வரமாட்டார்கள், அவர்களுக்கும் லீசிங்கும் பிள்ளைகளின் டியூஷன் காசும் இருக்கிறது, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நானாவுக்கு நெருக்கமாக இருந்தவர்களே பஸ் ஸ்டாண்டில் அவரைக் கண்டு மற்றப் பக்கம் கிறுகினார்கள். ஆகவே எல்லோரும் சண்டை பிடித்தே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வேறு வேலை பார்த்துக்கொண்டு மரியாதையாகப் போவதும் ஒரு முடிவுதான், அதில் வெட்கம் இல்லை.

ஆனால் அவர்கள் சொல்லி ராஜினாமாக் கடிதம் எழுதாதீர்கள். "ரிசைன் பண்ணு, நல்ல சர்டிபிகேட் தருகிறோம், இல்லாவிட்டால் விசாரணை" என்று கதவைச் சாத்திவிட்டுச் சொல்வார்கள். நீங்களே விலகியதாகக் கடிதம் இருந்தால், கட்டாயப்படுத்தித்தான் எழுத வைத்தார்கள் என்று காட்ட வேண்டிய பாரம் உங்கள் தலைக்கு வந்துவிடும். அவர்கள் நிற்பாட்டினால் பாரம் அவர்களுக்கு. ஒரு கடதாசியில் எல்லாமே தலைகீழாகிவிடும்.

4.11.2024

ஏறாவூரிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டது: ஒழுக்காற்று நடவடிக்கை என்று வாயாலேயே "நாளைக்கு வரவேண்டாம்" என்றால்? 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற இடம், நீங்கள் முந்திய 12 மாதத்தில் 180 நாளாவது வேலை செய்திருந்தால், வேலையால் நிற்பாட்டுவது பற்றிய 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி தண்டனையாக நிற்பாட்டியதற்கான காரணத்தை இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் எழுத்தில் தர வேண்டும். தண்டனை இல்லாமல் வேறு காரணம் என்றால் உங்கள் எழுத்து மூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதியோ வேண்டும். ஆகவே மறுநாளும் போங்கள். கேட்டில் விடாவிட்டால் அங்கிருந்தே மனேஜருக்கு மெசேஜ் போடுங்கள், "வேலைக்கு வந்தேன், உள்ளே விடவில்லை" என்று.

29.11.2024

நாலைந்து நாளாகக் கரண்டும் இல்லை, சிக்னலும் இல்லை. எங்கள் வீட்டுப் பக்கம் தண்ணீர் இப்போதுதான் வடிகிறது. 26ஆம் திகதி காரைதீவு மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரத்தோடு மத்ரஸாப் பிள்ளைகள் அடித்துச் செல்லப்பட்ட செய்தியோடு ஊரே உறைந்து கிடக்கிறது. இந்தக் கிழமையில்தான் தம்பியின் கிளையில் "வெள்ளம் காரணமாக வராதவர்கள் சொந்த லீவில் கழிக்கப்படுவார்கள், லீவு முடிந்தவர்களுக்கு நோ பே" என்று மெசேஜ் போயிருக்கிறது. கிட்டங்கி வீதியில் வெள்ளம், பாதையும் ஓடவில்லை. இந்தப் பையன் எந்த வழியால் வருவது? அந்த மெசேஜைப் போட்ட மனேஜரும் அன்றைக்கு வீட்டில்தான் இருந்தாராம்.

இதற்கு என்ன சட்டப்பிரிவு என்று நான் தேடப் போவதில்லை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து ஃபிங்கர் வை என்று கேட்க ஒருவருக்கு மனம் வருகிறது என்றால், அங்கே பிழையாகப் போயிருப்பது ஒழுங்குவிதி இல்லை. கோபமாக எழுதுகிறேன், இது இப்படியே இருக்கட்டும்.

2.12.2024

சரி, செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. வராமல் போன எல்லோரும், தம்பி மட்டும் இல்லை, ஒரே கடிதத்தில் கையொப்பம் வைத்து, எந்த வீதி எந்த நாள் மூடிக் கிடந்தது என்று கிராம சேவகரின் உறுதிப்படுத்தலோடு ஹெட் ஒபிஸுக்கு அனுப்புங்கள். ஒரு ஆள் எழுதினால் முரண்டு பிடிக்கிறவன், பத்துப் பேர் எழுதினால் பிரச்சினை. கிளைக்கு மேலே இருக்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாக விளங்கும்.

சங்கம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். தொழிற்சங்கம் பதிவு செய்ய ஏழு பேர் போதும். சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒருவரை நிற்பாட்டுவதோ தண்டிப்பதோ நியாயமற்ற தொழில் நடைமுறை என்று கைத்தொழில் பிணக்குகள் சட்டத்துக்கு வந்த 1999ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கத் திருத்தம் சொல்கிறது. எங்கள் பகுதியில் தனியார் கம்பனி ஊழியர்கள் இதை நினைத்துப் பார்ப்பதே குறைவு, சங்கம் என்றால் ஆசிரியர்களுக்கும் ஆஸ்பத்திரிக்கும் என்று விட்டுவிட்டார்கள். நானாவுக்குப் பக்கத்தில் ஆறு பேர் நின்றிருந்தால் மட்டைப் பெட்டிக் கதை குற்றப்பத்திரிகை வரைக்கும் வந்திருக்காது என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன்.

15.12.2024

வெள்ள நாட்களின் நோ பே திரும்பக் கொடுக்கப்பட்டதாம். அரை நாள் வெட்டு நிற்கவில்லை. வார்னிங் லெட்டருக்கு எழுதிய பதிலுக்கு இன்னும் ஒன்றும் வரவில்லை. வராமலே இருக்கலாம், உங்கள் மறுப்பு பைலில் ஏறிவிட்டது, அதுதான் வேண்டியது.

19.1.2025

தம்பிக்கு இடமாற்றம் வந்திருக்கிறது, அம்பாறை நகரக் கிளைக்கு, அடுத்த திங்கள் பொறுப்பேற்க வேண்டும் என்று. மேலதிக நேரம் பற்றித் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்து அதிக நாள் ஆகவில்லை. இது எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும். போக மாட்டேன் என்று எழுதப்போவதாகச் சொல்கிறார்.

எழுத வேண்டாம் தம்பி. அவர்கள் எதிர்பார்த்து இருப்பதே அதைத்தான். நியமனக் கடிதத்தில் எந்தக் கிளைக்கும் மாற்றலாம் என்று இருந்தால் மாற்றுவது அவர்களுக்குள்ள அதிகாரம், போகாமல் இருந்தால் வேலையைக் கைவிட்டதாக எழுதி முடித்துவிடுவார்கள், அதோடு மேலதிக நேரம், வார்னிங் லெட்டர் எல்லாம் அடிபட்டுப் போகும். திங்கள் காலை அம்பாறையில் ஃபிங்கர் வையுங்கள். அன்றைக்கே ஒரு கடிதம்: ஆட்சேபத்துடன் பொறுப்பேற்கிறேன், முறைப்பாடு கொடுத்த திகதி இது, இடமாற்றக் கடிதத்தின் திகதி இது, இதற்கு நிர்வாகக் காரணம் என்ன என்று எழுத்தில் தாருங்கள். இரண்டு திகதியையும் அடுத்தடுத்த வரியில் போடுங்கள், வேறு விளக்கம் தேவையில்லை. ஒரு பிரதி ஹெட் ஒபிஸுக்கு, ஒரு பிரதி உங்கள் முறைப்பாட்டு இலக்கத்தைக் குறிப்பிட்டுக் கல்முனைத் தொழில் அலுவலகத்துக்கு. மண்டூரிலிருந்து அம்பாறைக்குப் போய்வரும் பஸ் காசையும் இன்றிலிருந்து எழுதி வையுங்கள், டிக்கெட்டுகளை எறிய வேண்டாம்.